மதியம் இருபது நிமிடம்: வாசிக்க வைப்பதா, பேச வைப்பதா, எழுத வைப்பதா?

குடியாத்தம் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் இருபது நிமிடம். வருகிற ஜூனிலிருந்து அந்த நேரத்தில் பாடம் கிடையாது, பிள்ளைகள் வாசிக்கவும் யோசிக்கவும்தான் என்று எங்கள் தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்துவிட்டார். "எப்படி நடத்துறதுன்னு நீங்களே யோசிச்சு ஏப்ரலுக்குள்ள சொல்லுங்க டீச்சர்" என்றார். வாரத்துக்கு நூறு நிமிடம். அரசுப் பள்ளியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பாடத்தை முடிக்க ஓடிக்கொண்டே இருக்கும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. எல்லாரும் அவரவர் புத்தகத்தை மௌனமாக வாசிப்பது ஒன்று. நான் வாய்விட்டு வாசித்து, இடையில் நிறுத்திக் கேட்பது இரண்டாவது. பக்கத்தில் இருப்பவரோடு பேச வைத்துப் பிறகு வகுப்புக்குச் சொல்ல வைப்பது மூன்றாவது. யோசித்ததை ஒரு நோட்டில் எழுத வைப்பது நான்காவது. கடந்த இரண்டு வருடத்தில் நான்கையுமே கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது. எட்டாம் வகுப்பில் 34 பேர். அப்பா கைலித் தறியில் இருப்பார், அம்மா வீட்டில் பீடி சுற்றுவார், அக்கா விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போவாள். பாதி வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் உருது. தமிழ் அவர்களுக்குத் தெருவிலும் பள்ளியிலும் கிடைக்கிற மொழி. இன்னொன்று, இப்போது எட்டாவது முடிக்கிற இந்த செட் 2020 மார்ச்சில் இரண்டாம் வகுப்பில் இருந்தது. மூன்றாம் வகுப்பு அவர்களுக்கு நடக்கவே இல்லை. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது நேராக நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். 2022-இல் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது இவர்கள் ஐந்தாவது. அடுத்த வருடம் அது நான்கு, ஐந்துக்கும் வந்தபோது இவர்கள் ஆறாவது போய்விட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழேயே நின்றுவிட்டது. ஆகவே என் வகுப்பில் சிலர் தடையில்லாமல் வாசிப்பார்கள், நிறையப் பேர் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், ஏழெட்டுப் பேர் கூட்டெழுத்து வந்தாலே நின்றுவிடுவார்கள்.

மௌன வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பள்ளிகள் அதைத்தான் முதலில் எடுக்கின்றன. செலவில்லை, சத்தமில்லை, ஆசிரியரும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடலாம். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் லைமன் ஹண்ட் 1960-களில் முன்வைத்த முறை இது. தினமும் ஒரே நேரத்தில் ஆசிரியர் உட்பட எல்லாரும் தாம் விரும்பிய புத்தகத்தை வாசிக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, மதிப்பெண் கிடையாது. நமக்கும் புத்தகப் பஞ்சம் முன்பு போல் இல்லை. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து கடினத்துக்கு நான்கு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. பிள்ளைகளுக்கான தேன்சிட்டு இதழ் வருகிறது. வகுப்பில் கயிறு கட்டி அதில் தொங்கவிட்டிருக்கிறோம்.

மூன்று வாரம் நடத்தினேன். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு அது சொர்க்கம். மணி அடித்தும் ஒரு பெண் தலை நிமிரவில்லை, அடுத்த பீரியட் ஆசிரியர் வந்து நின்ற பிறகுதான் எழுந்தாள். அதைப் பார்த்து நான் பூரித்துப் போய்விட்டேன். இரண்டாவது வாரம்தான் கடைசி பெஞ்சு என் கண்ணில் பட்டது. ஒரு பையன் கையில் 'பற' புத்தகம். அவனால் அதை வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் 'நுழை' புத்தகத்தை எடுத்தால் எல்லாரும் பார்ப்பார்களே! பக்கத்துப் பையன் எப்போது பக்கத்தைத் திருப்புகிறானோ அப்போது இவனும் திருப்பினான். கண் புத்தகத்தில் இல்லை, பக்கத்துப் பையனின் விரலில் இருந்தது. இருபது நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தான். வகுப்பு அமைதியாக இருந்ததால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு தேசிய வாசிப்புக் குழு ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. ஒருவர் வழிகாட்ட, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பது சரளத்தைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இருப்பதாகச் சொன்னார்கள். மாணவர்களைத் தாமாக மௌனமாக வாசிக்கச் சொல்வது மட்டுமே சரளத்தைக் கூட்டும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். மௌன வாசிப்பு வீண் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் என் கடைசி பெஞ்சுக்கு அது இப்போதைக்கு உதவாது என்பதை நான் அந்தப் பையனின் விரலிலிருந்தே கற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது வாய்விட்டு வாசிப்பது. பெரிய பிள்ளைகளுக்குப் போய்க் கதை வாசித்துக் காட்டுவதா என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். செய்து பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

எட்டாம் வகுப்பில் 'மக்களின் புரட்சி' பாடத்தில் 1806 வேலூர்ப் புரட்சி வருகிறது. நம் ஊர்க் கோட்டை, நம் ஊர்க் கதை. மக்கான் சந்திப்பில் நினைவுத்தூணைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறார்கள். இருந்தும் எத்தனையோ வருடமாக அதை நான் புக் பேக் கேள்விக்காகத்தான் நடத்தி வந்தேன்: ஆண்டு, தேதி, தளபதி பெயர், காரணங்கள் நான்கு. இந்த முறை பாடத்தை எடுக்குமுன் மதிய இருபது நிமிடத்தில், புத்தகத்தில் உள்ளதோடு வேறு சில விவரங்களும் சேர்த்து நான் இரண்டு பக்கம் எழுதி வைத்ததை மெதுவாக வாசித்தேன். சிப்பாய்களுக்குப் புது உத்தரவு வருகிறது. நெற்றியில் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். அங்கே நிறுத்தினேன். "இந்த நாலுல எதை நீங்க பொறுத்துக்குவீங்க, எதைப் பொறுத்துக்க மாட்டீங்க?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். இதைச் சொல்லியாக வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காதவர்கள் பேசுகிறார்கள், "தெரியாது" குறைகிறது, அவர்களே கேள்வியும் கேட்கிறார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே போல் காத்திருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. கேட்க எளிது. "புரிஞ்சுதா?" என்று கேட்டு "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வந்ததும் அடுத்த வரிக்குப் போய்ப் பழகிய எனக்கு அந்த மூன்று நொடி மூன்று நிமிடம் போல இருந்தது. அதனால்தான் விரல்.

எப்போதும் தூக்கும் கைகள் முதலில் எழுந்தன. அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். நான்காவது விரலை மடக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து அந்தப் பையனே பேசினான். "டீச்சர், எங்க அக்கா ஷூ கம்பெனிக்குப் போவுது. அங்க வளையல் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அது கழட்டி வச்சிட்டுத்தான் போவுது. சண்டை போடலியே. இவங்க மட்டும் ஏன் டீச்சர் சண்டை போட்டாங்க?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. முன் வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "மிஷின்ல மாட்டிக்கும்னு உங்க அக்காவுக்குக் காரணம் சொன்னாங்க இல்ல? இவங்களுக்கு இன்னா காரணம் சொன்னாங்க?"

காரணம் என்னவென்றால், எல்லாச் சிப்பாயும் ஒரே மாதிரி மிடுக்காகத் தெரிய வேண்டும் என்பதுதான். அதை நான் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. அப்படியானால் நம் பள்ளி யூனிபார்ம் என்ன என்று ஒருவன் கேட்டான். தோலையும் வளையலையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது, அது சாமி சம்பந்தப்பட்டது என்றாள் ஒருத்தி. பள்ளியில் நான் கேட்ட சிறந்த விவாதங்களில் ஒன்று அது. அதைத் தொடங்கி வைத்தவன் 'பற' புத்தகத்தைப் பார்த்துப் பாசாங்கு செய்துகொண்டிருந்த பையன். வாசிக்கத் திணறுகிற பிள்ளை யோசிக்கவும் திணறும் என்று, வெளியே சொல்லாவிட்டாலும், நான் இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். அது தவறு. எழுத்து அவனைத் தடுத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். நான் வாசித்தபோது அந்தத் தடை விலகியது.

இந்த முறைக்கும் குறை உண்டு. நான் வாசிப்பதால் அவன் கேட்கப் பழகுவான், தானே வாசிக்கப் பழக மாட்டான். அதனால் பகுதியை ஜெராக்ஸ் எடுத்து இருவருக்கு ஒன்றாகக் கொடுக்கிறேன். நான் வாசிக்கும்போது விரல் வரியின் மேல் ஓட வேண்டும், மறுநாள் அதே பகுதியை இருவரும் மாறி மாறி வாய்விட்டு வாசிக்க வேண்டும். முந்தைய நாள் காதில் கேட்ட சொல் என்பதால் எழுத்துக் கூட்டுவது பாதியாகக் குறைகிறது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கு இது இன்னும் உதவி. அடுத்த குறை, ஆசிரியர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். மதிய வெயிலில் தினமும் பத்து நிமிடம் உரக்க வாசித்தால் தொண்டையும் நோகும். வாசிக்க எடுக்கும் பகுதியும் சரியாக அமைய வேண்டும். எல்லாப் பாடத்திலும் நிறுத்திக் கேட்க அப்படி ஓர் இடம் கிடைப்பதில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு பேச வைப்பதைத் தனி வழியாக வைத்துத்தான் தொடங்கினேன். அது தனியாக நிற்காது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981-இல் எழுதிய முறை இது: முதலில் தனியாக யோசி, பிறகு இணையோடு பேசு, பிறகு எல்லாருக்கும் சொல். பேச ஏதாவது கிடைத்தால்தானே பேசுவார்கள்? நல்ல கேள்வி இல்லாத நாளில் அந்த இரண்டு நிமிடமும் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்ததும் நடந்தது. ஆனால் வாய்விட்டு வாசிப்பதற்கு நடுவில் இதைச் செருகினால் பெரிய பலன். கை தூக்கப் பயப்படுகிற பிள்ளை ஒரு ஆளிடம் முதலில் சொல்லிப் பார்த்துக்கொள்கிறது. தெலுங்குப் பிள்ளைகள் இருவரை இணையாக உட்கார வைத்து, தெலுங்கிலேயே பேசிவிட்டுத் தமிழில் சொல்லச் சொன்னேன். முன்பு ஒரு சொல்லில் பதில் சொன்னவர்கள் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார்கள். ஒரே எச்சரிக்கை: முதலில் தனியாக யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தை விழுங்கிவிடக் கூடாது. விழுங்கினால் வேகமாக வாய் திறப்பவர் சொல்வதே இருவரின் பதிலும் ஆகிவிடும்.

எழுத வைப்பதில் எனக்குப் பழைய உறுத்தல் ஒன்று இருக்கிறது. 2007-08 வாக்கில் படைப்பாற்றல் கல்வி என்ற கற்பித்தல் முறை பள்ளிகளுக்கு வந்தபோது, பாடத்தை வாசித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் மனதில் பட்டதை மன வரைபடமாக வரைய வேண்டும் என்று வைத்தார்கள். மிக நல்ல யோசனை. அதை நாங்கள் என்ன செய்தோம்? நன்றாக வரையும் ஒரு மாணவி போட்டதைக் கரும்பலகையில் வரைந்து, எல்லாரையும் பார்த்து எழுதச் சொன்னோம். அதிகாரிகள் பார்வைக்கு வருகிறார்கள் என்றால் அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டோம். முப்பது வரைபடமும் அச்சு வார்த்தது போல ஒன்றாக இருக்கும். அப்போது நான் வேலைக்கு வந்த புதிது, அதில் தவறு இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. யோசனை நோட்டு தொடங்கியபோது அதுவே மறுபடி நடந்துவிடுமோ என்று பயந்தேன். முதல் வாரம் நடக்கவும் செய்தது. "இன்று படித்தது நன்றாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது" என்று வரிசையாக நோட்டுகள்.

கேள்வியை மாற்றினேன். "இன்று என்ன கற்றாய்?" என்பதை விட்டுவிட்டேன். இரண்டே கேள்வி. தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுது. கேட்டதில் உனக்கு ஒத்துவராத ஒன்றையோ இன்னும் புரியாத ஒன்றையோ எழுது. முதல் கேள்விக்கு நல்ல காரணம் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே இரண்டாம் முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தைய நாள் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும் நமக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு உயிருள்ள பதில்கள் வந்தன. தலைப்பாகைக் கதை நடந்த வாரம் ஒரு நோட்டில் இருந்தது: "காரணம் சொல்லாம செய்யச் சொன்னா கோவம் வரும். எங்க அப்பா முதலாளிகிட்ட கேக்க மாட்டாரு. வீட்ல வந்து கோவப்படுவாரு." அதில் மூன்று எழுத்துப்பிழை. சிவப்புப் பேனாவை எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். இந்த நோட்டில் மட்டும் பிழை திருத்துவதில்லை, மதிப்பெண் இல்லை. கீழே நான் ஒரு வரி பதில் எழுதுவேன். அந்த ஒரு வரிக்காக வெள்ளிக்கிழமை எழுதி, திங்கட்கிழமை ஓடி வந்து நோட்டைப் புரட்டுகிறார்கள். எழுதவே வராத ஏழெட்டுப் பேர் என்னிடம் வந்து சொல்வார்கள், அவர்கள் சொன்னபடியே நான் எழுதிக் கொடுப்பேன். பிறகு அதை அவர்களே வாசித்துக் காட்ட வேண்டும். தான் சொன்ன சொல் என்பதால் வாசித்துவிடுகிறார்கள்.

இதற்கு விலை ஆசிரியரின் நேரம். 34 நோட்டுக்கு ஒவ்வொரு வரி எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. தினமும் செய்ய முடியாது. வாரம் ஒருமுறைதான் தாங்கும், அதற்கு மேல் போனால் பழையபடி 'பார்த்தேன்' கையெழுத்தாகிவிடும்.

நூலகப் பாடவேளை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பீரோ பூட்டியே இருந்தால் போதாது. புத்தகம் தொலைந்துவிடும் என்று பயப்படுகிறோம். தொலையத்தான் செய்யும். நான் பாதியில் நிறுத்திய கதையின் மீதியை வாசிக்க வீட்டுக்குக் கேட்கும் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுக்காமல் இருப்பதைவிட, வருடத்துக்கு நான்கைந்து புத்தகம் போவது மேல்.

ஆக, நான் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கும் முடிவு இது. ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை திங்கள், புதன் நான் வாசித்து நிறுத்திக் கேட்பேன், நடுவில் இணையாகப் பேசுவார்கள். செவ்வாய், வியாழன் அதே பகுதியை இருவர் இருவராக வாய்விட்டு வாசிப்பார்கள். வெள்ளி யோசனை நோட்டு. காலாண்டு விடுமுறை முடிந்ததும் செவ்வாய்க்கிழமையை மௌன வாசிப்புக்கு மாற்றுவோம். அரையாண்டுக்குப் பிறகு நிலைமையைப் பார்த்து வியாழனையும் மாற்றலாம். மௌன வாசிப்பை நான் கைவிடவில்லை. அங்கேதான் போய்ச் சேர வேண்டும். கடைசி பெஞ்சையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதால் தள்ளி வைத்திருக்கிறேன். அது தொடங்கும்போது நான்கு படிப் புத்தகங்களையும் கலந்து ஒரே கயிற்றில் தொங்கவிடுவேன். முதல் வாரம் நானே 'நுழை' புத்தகம் எடுத்து எல்லார் முன்னாலும் வாசிப்பேன்.

இதே முடிவு எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வேலூர் டவுனில் பிள்ளைகள் பெரும்பாலும் சரளமாக வாசிக்கிற பள்ளி என்றால் முதல் நாளே மௌன வாசிப்பைத் தொடங்கலாம், வெள்ளிக்கிழமை நோட்டு மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை போன்ற மலைப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து வைத்திருந்தால் வாய்விட்டு வாசிப்பதுதான் வழி, ஒரே கதையை எல்லா வகுப்பும் கேட்கும், கேள்வியை மட்டும் வகுப்புக்குத் தகுந்தபடி மாற்றலாம். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நோட்டை நான்காகப் பிரித்து வாரம் பதினைந்து பேருக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மற்றவர்களுக்கு எப்போது முறை வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் எனக்கு இருக்கும் வேலை பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது. காலாண்டு வரை இருபதுக்கு மேல் தேவை. இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கிறது: பாலாற்று மணல், தறிச் சத்தம், வேலூர்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்த அந்தக் காலை, காமராசர் 1954-இல் முதலமைச்சராக இருந்தபடி குடியாத்தத்தில் தேர்தலில் நின்றது என்று எல்லாமே பிள்ளைகளுக்குப் பழக்கமான இடங்களிலிருந்து எழுதியவை. ஒவ்வொன்றிலும் எங்கே நிறுத்துவது என்று ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். ஆறாம் வகுப்பு டீச்சரும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்போதைக்கு வாசித்து நிறுத்துவது மட்டும் போதும் என்று சொல்லி, முதல் நான்கு பகுதிகளைக் கொடுத்திருக்கிறேன்.